வெப்பமானிக்குக் கட்டிய வீடு

பானையில் தண்ணீர் வையுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். பருத்தி உடுத்துங்கள். மோர் குடியுங்கள். பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே தலைகாட்டாதீர்கள்.

ஏப்ரல் பிறந்ததும் அரசாங்கத்துக்குப் பாட்டி புத்தி வந்துவிடுகிறது. செய்திக்குறிப்பு வருகிறது. கைப்பேசியில் குறுஞ்செய்தி வருகிறது. அத்தனையும் நல்ல வார்த்தைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டியும் இதையேதான் சொன்னாள். விசிறிக்கொண்டே சொன்னாள். இவர்கள் குளிரூட்டிய அறையில் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் சொல்கிறார்கள்.

வெளியே போகாதே. சரி, போகவில்லை. உள்ளே இருக்க முடிகிறதா?

அதைப் பற்றிச் செய்திக்குறிப்பில் ஒரு வரி கிடையாது. வெப்பம் என்றாலே அது தெருவில் நிற்கும் எதிரி, வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் தப்பிவிடலாம் என்று எழுதியவருக்கு நினைப்பு. அவர் வீட்டுக்குள் அப்படித்தான். நம் வீட்டுக்குள் வெயில் நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். கடைசி மாடி என்றால் வாடகை கொஞ்சம் குறையும். ஏன் குறைகிறது என்று டிசம்பரில் குடிபோகிறவருக்குப் புரியாது. கத்திரி வந்ததும் புரியும். தலைக்கு மேல் ஐந்து அங்குல கான்கிரீட். அதற்கு மேல் சூரியன். நடுவில் வேறு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அந்தத் தளம் வெயிலைக் குடிக்கிறது. மாலை ஆறரைக்குச் சூரியன் வேலை முடித்துக் கிளம்பிவிடும். கான்கிரீட்டுக்கு அப்போதுதான் ஷிப்ட் ஆரம்பம். பகலில் குடித்ததையெல்லாம் விடிய விடியக் கீழே இறக்குகிறது. தோசைக்கல்லுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தது போலத்தான். மின்விசிறியைப் போட்டால், அது தளத்தின் சூட்டை வாரி முகத்தில் வீசுகிறது. ஐந்தில் வைத்தால் வேகமாக வீசுகிறது.

மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்தால் சூடு இறங்கும். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். செலவு சில ஆயிரம். அடித்துப் பாருங்கள், ஓனர் விட்டால். மொட்டை மாடிச் சாவி அவரிடம். அவர் குடியிருப்பது கீழ்த்தளத்தில். கேட்டால், "எதுக்கு சார், நல்லாத்தானே இருக்கு" என்பார். அவருக்கு நல்லாத்தான் இருக்கிறது. அவருக்குக் கூரை நாம்தான்.

வீடுகளுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்கிறது அரசு. அது ஓனர் மீட்டர் வரைக்கும் ஒழுங்காக வந்து சேருகிறது. அங்கிருந்து நம் மாடிக்கு ஏறுவதற்குள் இலவசம் இளைத்து, யூனிட்டுக்கு அவர் வைத்ததே விலை என்றாகிவிடுகிறது. ஏசி போட்டால் தனிக் கணக்கு. ஏசி போடாமலிருப்பது அவரவர் தேர்ந்தெடுத்த வாழ்க்கை முறை என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

சரி, இன்னொரு நல்ல யோசனை இருக்கிறது. இரவில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிர்ந்த காற்று உள்ளே வந்து சூட்டை வெளியேற்றும் என்கிறார்கள். அறிவியல்படி மிகச் சரி. எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால் போதும், ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். ஆனால் புரமோட்டர் வைத்திருப்பது ஒரே ஜன்னல். அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கை நீட்டினால் தொடலாம். கடற்காற்று நண்பகல் வாக்கில் கரையேறுகிறது. மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் தாமதமாக வருகிறது. அன்றைக்குத்தான் நூற்றைந்து, நூற்றாறு பாரன்ஹீட் என்று தலைப்புச் செய்தி. அப்படி வருகிற காற்றும் இந்த இரண்டு சுவருக்கு நடுவே நுழைய வழி கேட்டுத் தெருமுனையில் நிற்கிறது.

அதையும் மீறித் திறந்தால் கொசு வருகிறது. கொசுவுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. கூவம் இருக்கிறது, பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறது, மூடாத மழைநீர் வடிகால் இருக்கிறது. அந்தக் கால்வாய்களின் வாசனையும் கூடவே வருகிறது. மாநகராட்சி வண்டி மாலையில் வந்து புகையடித்துவிட்டுப் போகும். புகைக்கு நாம் ஜன்னலைச் சாத்துவோம். கொசு உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் ஜன்னலுக்கு வலை அடித்தால் பாதிக் காற்று போயிற்று. திருடனுக்குப் பயந்து தரைத்தளத்தில் கதவும் சாத்தினால் மீதிக் காற்றும் போயிற்று. ஆக, ஒரு குடும்பம் இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதற்குச் சுகாதாரத் துறை, பொதுப்பணித் துறை, நீர்வளத் துறை, காவல் துறை, மாநகராட்சி இத்தனை பேரும் அவரவர் வேலையைச் செய்திருக்க வேண்டும். அவர்கள் செய்யாத வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாற்று ஏற்பாடு கடையில் கிடைக்கிறது. ஒன்றரை டன், மாதத் தவணை, பொருத்துவது இலவசம்.

மொட்டை மாடியில் மாலையில் நாலு குடம் தண்ணீர் தெளித்தால் சூடு குறையும் என்பதும் உண்மைதான். 2019 ஜூனில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளின் தரை வெடித்துக் கிடந்தது. லாரி வந்தால் குடத்தோடு ஓடியவர்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். அரசாங்கத்துக்குக் குளிர்ந்த வீடு கட்டத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். நுங்கம்பாக்கத்தில் கட்டியே வைத்திருக்கிறது.

வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு மரப்பெட்டி நிற்கும். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. உலகம் முழுக்க அதே அமைப்புதான். முழுக்க வெள்ளைப் பூச்சு. இரட்டைக் கூரை, இரண்டுக்கும் நடுவே காற்று போக இடைவெளி. நாலு பக்கமும் சாய்வுப் பலகைச் சுவர், வெயில் நுழையாது, காற்று நுழையும். கதவு வடக்குப் பார்த்தது, வெயில் நேராக விழாது. தரைச்சூடு தாக்காமல் நாலடி உயரத்தில் கால் ஊன்றி நிற்கும். கீழே கான்கிரீட் போடக் கூடாது, புல்தரை வேண்டும். சுற்றிலும் கட்டடம் நெருக்கக் கூடாது.

உள்ளே குடியிருப்பது வெப்பமானி.

அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டுதான் அது நமக்கு இன்றைய வெப்பநிலையைச் சொல்கிறது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி என்று பதிவானதே, அது வெள்ளையடித்து, இரட்டைக் கூரை போட்டு, காற்றோட்டம் வைத்த வீட்டில் குடியிருந்தவரின் வாக்குமூலம். நம் வீட்டில் என்ன டிகிரி என்று எவரும் பதிவு செய்யவில்லை. பாதரசத்துக்கு இவ்வளவு மரியாதை தெரிந்த அரசாங்கம், எட்டு மாடிக் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

பெரும்பாக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி எட்டு மாடி எட்டு மாடியாக வரிசை கட்டி நிற்கிறது. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை அப்புறப்படுத்தி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். குடிசைக்குக் கீற்றுக் கூரை இருந்தது. மழைக்கு ஒழுகும், தீப்பிடிக்கும், எலி வரும். ஆனால் சூட்டைச் சேமித்து வைத்து ராத்திரி திருப்பித் தராது. குடிசை மாற்றினோம் என்று பெருமையோடு சொல்கிறார்கள். மாற்றத்தான் மாற்றினார்கள். கூரையை மாற்றியதில் வெயில் நிரந்தரக் குடியுரிமை வாங்கிவிட்டது.

அதே பெரும்பாக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் கூரையில், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை அடித்துச் சோதித்தார்கள். வகுப்பறையில் வெப்பம் இறங்கியது. நல்ல காரியம். கேலி செய்யத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கும் சந்தோஷம். நாலு மணிக்கு மணியடித்ததும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2018இல் மத்திய அரசு ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று அதில் உச்ச அளவு உண்டு. நம் தலைக்கு மேல் இருக்கும் வெறும் கான்கிரீட் தளம் அந்த அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக இறக்குகிறது. ஆனால் கவலை வேண்டாம். அந்த 2018 விதி பொருந்துவது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. தெலங்கானா இன்னும் ஒரு படி மேலே போய் 2023இல் குளிர்கூரைக் கொள்கையே அறிவித்தது. நாட்டிலேயே முன்மாதிரி என்றார்கள். வீடுகளில் 600 சதுர கஜத்துக்குக் குறைந்த மனையில் கட்டியவை விருப்பப்பட்டால் செய்துகொள்ளலாம்.

புரிகிறதல்லவா? பெரிய மனைக்காரருக்கு விதி. அவருக்குத்தான் நாலு ஏசி இருக்கிறது. முக்கால் கிரவுண்டில் மூன்று மாடி எழுப்பி ஆறு குடித்தனம் வைத்த வீட்டுக்கு விதியே கிடையாது. எரிகிற வீட்டை விட்டுவிட்டு ஏரிக்கரையில் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு.

ஏரி என்றதும் ஞாபகம் வருகிறது. 2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் வெயிலில் ஆவியாகாமல் இருக்க அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்றடித்தது. அட்டைகள் கரைக்கு வந்துவிட்டன. நாடே சிரித்தது. இன்றைக்கும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. தெர்மாகோல் வெப்பத்தைத் தடுக்கும் என்பது முழு உண்மை. அந்த வகைப் பலகைகளைக் கான்கிரீட் தளத்தின் மேல் பரப்பி, அதற்கு மேல் ஓடு பதித்தால் கீழே வீடு குளிரும். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நம் நாட்டிலும் காசுள்ளவர் செய்கிறார். சரியான பொருள், சரியான காரணம், சரியான மாதம். முகவரி மட்டும் தப்பு. ஏழையின் கூரைக்குப் போக வேண்டியது அணைக்குப் போய்விட்டது. நமது நிர்வாகத்தில் இது ஒன்றும் புதிதல்லவே.

பழைய மெட்ராஸ்காரனுக்குக் கூரை போடத் தெரிந்திருந்தது. தேக்கு உத்தரம் வரிசையாகக் கொடுத்து, செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று ஊர்ப் பெயரோடு வழங்கிய கூரை அது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மிச்சம் இருக்கும் இரண்டொரு வீட்டுக்குள் மே மாதம் போய் நின்று பாருங்கள். முற்றத்தில் சூடு மேலேறிப் போகும், தாழ்வாரம் நிழல் தரும். கான்கிரீட் வந்த பிறகும் சில காலம் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் தளத்தின் மேல் இருந்தன. பிறகு சதுர அடிக் கணக்கு வந்தது. தட்டோட்டுக்குச் சதுர அடி விலை வாங்க முடியாது. போயிற்று. முற்றம்? அது விற்க முடிகிற இடம். போயிற்று. பால்கனியும் சன்ஷேடும் அங்குலம் அங்குலமாக உள்ளே இழுக்கப்பட்டன. மேற்குச் சுவருக்கு நிழல் தந்துகொண்டிருந்த வேப்ப மரம் கார் நிறுத்துமிடத்துக்குக் குறுக்கே நின்றது. அதுவும் போயிற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது என்று துக்கம் கொண்டாடினோம். புயல் ஒரே நாளில் செய்தது. நாம் அனுமதி வாங்கி, ரசீது போட்டு, வருடம் முழுக்கச் செய்கிறோம்.

புரமோட்டரை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. வீடு வாங்குகிற நாம் என்ன கேட்கிறோம்? வாஸ்து கேட்கிறோம். ஈசானிய மூலை எங்கே, அக்கினி மூலை எங்கே, தலைவாசல் கிழக்கா என்று நிபுணருக்குக் காசு கொடுத்துக் கேட்கிறோம். மேற்கு வெயில் எந்தச் சுவரில் இறங்குகிறது என்று ஒருவர் கேட்பதில்லை. அக்கினி மூலையில் அடுப்பை வைத்துவிட்டால் போதும். மீதி மூன்று மூலைகளிலும் அக்கினி இலவசமாக வந்து உட்கார்ந்துகொள்கிறார். பிரசுரத்தில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், குழந்தைகளுக்கு ரப்பர் தரை எல்லாம் படம் போட்டிருக்கும். கூரைக்கு மேல் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று விற்பனைப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். "செல்போன் டவர் வராது சார்" என்பான்.

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போனால் இன்னொரு அதிசயம். கண்ணாடிக் கட்டடங்கள். வெயில் குறைவான நாடுகளில் வெளிச்சத்துக்கும் கதகதப்புக்கும் ஏங்கிக் கட்டிய பாணி. இங்கே அதே கண்ணாடியை மேற்கு பார்த்து ஒட்டி, வெயிலை வரவேற்று உள்ளே அடைத்து, பிறகு அதை வெளியேற்ற ராட்சதக் குளிர்பதன இயந்திரங்களைக் கூரையில் ஏற்றி, பகலில் கண் கூசுகிறதென்று திரையை இழுத்து மூடி, உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். வாசலில் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் மாட்டியிருக்கும். அந்தக் கண்ணாடி திருப்பி அடிக்கும் வெயில் எதிரே பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் மேல் விழுகிறது. அவருக்குச் சான்றிதழ் இல்லை.

ஏசியைப் பற்றி ஒரு கணக்கு. அது குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது. ஒரு டன் ஏசி அறையிலிருந்து மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். தான் தின்னும் மின்சாரத்தையும் சேர்த்துச் சுமார் நாலரை கிலோவாட்டை வெளியே துப்பும். வெளியே என்றால் எங்கே? பக்கத்து வீட்டு ஜன்னலில். அதாவது ஏசி வாங்க முடிந்தவர் தன் வெப்பத்தையும் அதற்கு மேல் கொஞ்சம் வட்டியையும் வாங்க முடியாதவர் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். அவர் மேல் தப்பில்லை. அவரும் அதே கூரைக்குக் கீழே வெந்தவர்தான், தவணைக்கு வழியிருந்தது. சந்தில் பத்துப் பேர் ஏசி போட்டதும் பதினோராவது ஆள் போட்டே ஆக வேண்டும். இரவு பதினொன்றுக்கு எல்லாம் ஒன்றாக ஓடும். லோ வோல்ட்டேஜ் வரும். டிரான்ஸ்பார்மர் ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்வெடுக்கும். அப்போது சந்து முழுக்கச் சமத்துவம்.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சாதனை என்று அறிவித்தார்கள். தடையின்றி வழங்கினோம் என்பது சாதனை, ஒப்புக்கொள்ளலாம். இவ்வளவு மின்சாரம் ஏன் தேவைப்பட்டது என்பது யார் சாதனை? வெயிலின் சாதனை பாதி. கட்டட அனுமதியில் கையெழுத்துப் போட்டவர்களின் சாதனை மீதி. அந்தப் பெருமையையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

மின்விசிறி கதை தெரியும். 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. கையில் மின்விசிறி, சுவரில் செத்த பிளக். மக்கள் அந்த மின்விசிறி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டார்கள். பெட்டியிலும் முதல்வர் படம் இருந்தது, காற்று நன்றாக வந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. தீபாவளிப் பரிசு என்றார்கள். மின்விசிறிக்கு எவ்வளவு? 18. முன்பு எவ்வளவு? அதே 18. கூரைக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டுக்கு? 18. எழுபத்தைந்து வாட்டில் ஓடுவதற்கும் ஆயிரத்து ஐந்நூறு வாட்டில் ஓடுவதற்கும் மத்திய அரசின் கண்ணில் வித்தியாசம் கிடையாது. அதே ஆண்டு ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டார், இனி ஏசிகளை 20 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாதபடி செய்யப்போகிறோம் என்றார். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பும் பல வருடமாகச் சொல்கிறது. நியாயம்தான். எந்த அலுவலகத்திலும் பெரிய அதிகாரி அறைக்கு மனு கொடுக்கப் போய்ப் பாருங்கள். ரிமோட்டில் 18 என்று இருக்கும். நாற்காலியில் துண்டு, நாற்காலிக்கு மேல் சால்வை. வெளியே வராந்தாவில் காத்திருக்கும் கிழவரின் மனு வியர்வையில் நனைந்து எழுத்து கலைந்திருக்கும்.

இடையில் ஏர் கூலர் என்று ஒன்றை வாங்கிவிட்டு விழித்துக்கொண்டிருக்கும் சென்னைவாசிகளுக்கு ஒரு அனுதாபம். அது ராஜஸ்தானின் வறண்ட காற்றுக்கு உகந்த இயந்திரம். ஏற்கெனவே ஈரம் சொட்டும் கடலோரக் காற்றில் அது செய்யும் ஒரே வேலை, புழுக்கத்தை ஊறவைப்பது.

காசுள்ளவருக்குக் குளிர்ச்சி, மற்றவருக்கு வேடிக்கை என்பது இந்த ஊரில் பழைய ஏற்பாடு. 1842இல் மெரினா கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டி, கப்பலேறி உலகைச் சுற்றி வந்து அங்கே இறங்கியது. வெள்ளைக்காரத் துரைகளின் குவளைக்குப் போனது. சுமந்தவர் தோளில் சொட்டிய தண்ணீர் சுமந்தவருக்கு. துரை மாளிகையில் பங்கா ஆடியது. கயிற்றின் மறுமுனையில் வராந்தாவில் ஒருவர் வியர்த்துக்கொண்டிருந்தார். கோடை முற்றியதும் அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். இப்போது அரசாங்கம் ஏறுவதில்லை, அறைக்குள்ளேயே ஊட்டியை வைத்துக்கொண்டது. மக்கள் ஏறினார்கள். கூட்டம் தாங்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லி, 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். குளிருக்கும் அனுமதிச் சீட்டு.

செட்டிநாட்டுக்குப் போங்கள், பாட்டன் கட்டிய குளிர்ந்த வீடு இன்னும் இருக்கிறது. அடுக்கடுக்காய் முற்றம், உயர்ந்த கூரை, முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய சுவர். பல மாளிகைகள் இப்போது பாரம்பரிய விடுதிகள். ஒரு இரவுக்குச் சில ஆயிரம். ஏசி இல்லாமலே எப்படிக் குளிர்கிறது என்று வழிகாட்டி அரை மணி நேரம் விளக்குவார். பிறகு அறைக்குள் கூட்டிப்போய் ஏசி ரிமோட்டைக் கையில் கொடுப்பார்.

கட்சிகளை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளும். ஏப்ரல் வந்தால் நீர்மோர்ப் பந்தல். மாவட்டச் செயலாளர் வருகிறார், ரிப்பன் வெட்டுகிறார், தர்பூசணியை எடுத்துக் கொடுப்பது போல் படத்துக்கு நிற்கிறார். இளநீர், வெள்ளரி, கிர்ணிப் பழம், நுங்கு. படம் எடுத்து முடிந்த நொடியில் கூட்டம் மேசையோடு அள்ளிக்கொண்டு போகும். மறுநாள் காலையில் பந்தலில் மிஞ்சியிருப்பது ஒரு காலிப் பானையும் பன்னிரண்டு அடி பிளக்ஸும். தலைவர் அதில் சிரித்துக்கொண்டே இருப்பார். அந்த பிளக்ஸைக் கழற்றிக்கொண்டு போய்க் கொட்டகையின் தகரக் கூரைமேல் வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி விரிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் அரசியலில் வெப்பத் தணிப்புக்கு நேரடியாகப் பயன்பட்டது அந்த ஒன்றுதான். தலைவர் முகம் உள்பக்கம் பார்க்கும், வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக, அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய் சொன்னதாகும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணம். உயிரோடு இருப்பவரின் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சில ஆயிரம் கேட்டால் அதற்குத் தலைப்பு இல்லை, செத்தால் நாலு லட்சத்துக்குத் தலைப்பு இருக்கிறது. நல்லது, அதையாவது வாங்கலாம் என்றால் வெப்ப அலையால்தான் இறந்தார் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். சாலையில், வேலை செய்யுமிடத்தில், நாலு பேர் பார்க்க விழுந்தவருக்கே அந்தச் சான்று சுலபமில்லை. கடைசி மாடியில், ஒற்றை ஜன்னல் அறையில், பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே போகாதே என்ற அறிவுரையை அட்சரம் பிசகாமல் கேட்டு உள்ளேயே கிடந்து, ராத்திரித் தூக்கத்தில் அடங்கிப்போன அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுப்பார். அவர் மேலும் தப்பில்லை. அன்றைய இரவு வெப்பநிலை என்ன என்று அவர் பார்த்திருப்பார். நுங்கம்பாக்கத்தில் 29 டிகிரி என்று போட்டிருக்கும்.